பூச்சித் தொட்டியின் மாறுகண்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் நான் சும்மா எட்டிப் பார்க்க வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வியை நினைத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தேன். இந்தத் தண்ணீரில் என்ன விஷம் வருகிறது, கரி அதை எப்படிப் பிடிக்கிறது, காற்று ஊதுகிற மிஷின் எதற்கு ஓடுகிறது, இதில் ஒன்றைக்கூட நீங்கள் கேட்கவில்லை. "ஆயா, பெரிய தொட்டிக்கு ஏன் ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்குது? அதுல ஒண்ணு மாறுகண்ணா வேற இருக்குதே?" என்று கேட்டீர்கள். உங்கள் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கென்னவோ அந்த மாறுகண்ணைப் பற்றிச் சொன்னால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கிவிடும் என்று தோன்றியது. இன்றைக்கு மேடம் என்னை உட்காரவைத்து, "புதுப் பிள்ளைங்களுக்கு நாலு வார்த்த சொல்லுங்க ஆயா" என்கிறார். நாலு வார்த்தையில் முடியாது. டீக்குச் சொல்லி வையுங்கள்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியது மழைக்குத்தான். மழை விட்டதும் வெளியே வந்துவிட்டேன். ஆகையால் மேடம் படித்த படிப்பை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது மூக்கு.

நீங்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி செண்ட் அடித்துக்கொண்டு வருகிறீர்கள். செண்ட் அடித்த மூக்கு இங்கே எதற்கும் ஆகாது. நம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் விளக்கு கழுவின தண்ணீர், பொம்மைக்கு அடித்த பெயிண்டு, பிரஷ் கழுவின தின்னர், அச்சுக்குத் தடவின எண்ணெய், பளபளப்புக்குப் பூசுகிற கலவை எல்லாம் சேர்ந்துதான் இங்கே வருகிறது. முதல் குழியில் மண் கீழே தங்கிவிடும். அடுத்த தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்து எண்ணெயையும் தின்னரையும் தின்னும். அதற்கும் அடுத்து கரிப் படுகை. கலரில் வருகிற உலோகத்தை உயிரால் தின்ன முடியாது, அதைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். கரிக்குள் இருக்கிற சந்துபொந்துகளிலும் அந்த உயிர்கள் குடித்தனம் நடத்தும். கடைசியில் வெளியே போகிற தண்ணீர் ஓடை வழியாகக் குட்டைக்குப் போகிறது. அங்கே மாடுகள் குடிக்கின்றன. இவ்வளவுதான் நம் வேலை. தொட்டி நன்றாக இருந்தால் புதுமழை விழுந்த மண் வாசனை வரும். கெட்டால் அழுகின முட்டை. காலையில் வந்ததும் முதலில் குனிந்து மோந்து பாருங்கள். அப்புறம் போனைப் பாருங்கள்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம்.

இந்த இடம் புதிதாகத் தொடங்கியபோது மேடமும் புதிது. திட்டக்குடிப் பக்கத்துப் பெண், படிப்பு முடித்த சூடு ஆறவில்லை. எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, "இந்தத் தொட்டியில் இருப்பவை நுண்ணுயிரிகள். எங்கே, எல்லாரும் சொல்லுங்க" என்றார். எங்களுக்கு அது வாயில் நுழையவில்லை. ஒருத்தி "நுன்னூரி" என்றாள். இன்னொருத்தி "நூறு ரூவாயா?" என்று கேட்டாள். நான் முயற்சி பண்ணியதில் வாயிலிருந்த வெற்றிலைதான் வெளியே வந்தது. மேடம் சிரித்துவிட்டு, "சரி ஆயா, உங்களுக்கு எது வருதோ அப்படியே சொல்லுங்க" என்றார். அன்றைக்கே அதற்குப் பூச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. பூச்சிக்குத் தீனி வைத்தாயா, பூச்சிக்குக் காத்து போகிறதா, பூச்சி தூங்குகிறதா என்று எல்லோர் வாயிலும் அதுதான். தொட்டி பூச்சித் தொட்டி ஆனது. நாளடைவில் மேடமும் அப்படியே சொன்னார். வாய்க்குச் சுலபமாக இருந்தது.

கரி சுடுகிற சங்கதி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் கரி கடையில் வாங்குகிற கரி இல்லை. முந்திரிக் கட்டையையும் சவுக்குச் சிம்பையும் பழைய சூளையில் அடுக்கி, நெருப்பு வைத்து, பிடித்துக்கொண்டதும் காற்று போகாமல் களிமண்ணால் வாயை மெழுகி மூடிவிட வேண்டும். மூடி வைத்தால் கரி. காற்று போனால் சாம்பல். ஆரம்பத்தில் ஒரு தடவை சூளையை மூடிவிட்டு நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். எங்களை மேற்பார்க்கிற நம் சூப்பரைசருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஆகிவிட்டதா என்று பார்க்க மெழுகை உடைத்து ஓட்டை போட்டுவிட்டார். அத்தோடு போய்விட்டார், மூடவும் இல்லை. மறுநாள் திறந்தால் சூளை நிறையச் சாம்பல். வெள்ளை வெளேரென்று, நெற்றியில் பூசிக்கொள்ளலாம் போல.

"என்னா சார் இது?" என்றேன்.

"பாக்கத்தானே ஆயா தொறந்தேன்!" என்றார் பாவம், குழந்தை மாதிரி.

அந்த வார்த்தை எங்களுக்குத் தின்பண்டம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. யார் டிபன் பாக்ஸை யார் திறந்தாலும் "பாக்கத்தானே தொறந்தேன்" என்போம். அவர் காதில் விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில் ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றாள். நாங்கள் அப்போது அவளைப் பொம்மைக்காரி என்று கூப்பிடுவோம், நானும் அப்படியே சொல்கிறேன். நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பொம்மைப் பட்டறையில் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். உடம்புக்கும் உடுப்புக்கும் யார் வேண்டுமானாலும் கலர் அடிக்கலாம், கண் எழுத இவளைத்தான் கூப்பிடுவார்கள். பொம்மைக்குக் கண் கடைசியில்தான் எழுதுவார்கள். அதுவரைக்கும் அது சுட்ட மண். கண்ணைத் திறந்துவிட்டால் அப்புறம் அது சாமி, செட்டியார், போலீஸ்காரர்.

ஆனால் பட்டறை அறையில் தின்னர் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது. பேசினால் நடுவில் விசில் அடிக்கும். டாக்டர் அந்த அறைக்குள் இனிமேல் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களிடம் வந்து சேர்ந்த பிறகு, திறந்தவெளிக் காற்றில், கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் நின்றது. "இங்க எனக்கு மூச்சு வுட முடியுது ஆயா" என்று அவள் சொன்னபோது, "ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுப் போற எடத்துல வந்து மூச்சு வுடறா பாரு" என்று நான் கிண்டல் பண்ணினேன். அவளும் சிரித்தாள். அவளுக்கு இந்த வேலை போனால் போக்கிடம் அந்த அறைதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

கார்த்திகை நெருங்குகிற சமயம். பட்டறைகளில் விளக்கு வேலை மும்முரம், தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நம் தொட்டியைப் பார்த்து அதே மாதிரி தங்கள் ஊரிலும் கட்டலாமா என்று யோசிப்பதற்காக வெளியூரிலிருந்து சிலர் மறுநாள் வருவதாக இருந்தது. அன்றைக்கு நல்ல முகூர்த்தம் வேறு. மேடம் அக்கா குழந்தைக்குக் காது குத்து என்று திட்டக்குடிக்குப் போயிருந்தார். சூப்பரைசர் மங்கலம்பேட்டையில் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கம் கரிச் சூளைக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தவள் பொம்மைக்காரி.

போனில் பேசியது சூப்பரைசர். பின்னால் பேண்டு செட்டு பிளந்து கட்டிக்கொண்டிருந்ததாம்.

"நாளைக்கு ஆளுங்க வராங்க. தொட்டியில ஒரு பூச்சி பொட்டு இருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரு இருக்குது பாரு, அத்த நல்லா கொட்டி வுட்டுடு."

"எந்தத் தொட்டி சார்? பூச்சித் தொட்டியா?"

"ஆமா, பூச்சி இருக்கற தொட்டிதான்! பூச்சி இல்லாத தொட்டிக்கு எதுக்குப் பிளீச்சிங்கு?"

போன் வைத்துவிட்டார். அவர் மனசில் இருந்தது கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கை கழுவுகிற தண்ணீர்த் தொட்டி. அதில் கொசுப்புழு நெளியும். வருகிறவர்கள் முதலில் அங்கேதான் கை கால் கழுவுவார்கள். ஆனால் எங்கள் வாயில் பூச்சித் தொட்டி என்றால் ஒரே ஒரு தொட்டிதானே! பொம்மைக்காரிக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்திருக்கிறது. இருந்தாலும் ஒரு தடவை கேட்டாகிவிட்டது, சூப்பரைசர் ஆமாம் என்று சொல்லியாகிவிட்டது. மறுபடி கேட்டால் புத்தி இல்லாதவள் என்று நினைப்பாரோ என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டாள்.

நான் சூளை வாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கட்டை பிடித்து எரிகிறது, இன்னும் மூடவில்லை. அவள் வந்து நின்றாள். கையில் காலிச் சாக்கு. ரொம்ப நாளாக நின்றுபோயிருந்த விசில் மறுபடி கேட்டது.

"ஆயா, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல இருக்குது."

"என்னா பண்ணின?"

"பூச்சித் தொட்டியில பிளீச்சிங் போட்டுட்டேன். சாருதான் போனுல சொன்னாரு. ஆனா நொரையெல்லாம் வெள்ளையா மாறுது ஆயா. நீ சொல்லுவியே, மண்ணு வாசன... அது இல்ல. ஆஸ்பத்திரி வாசன அடிக்குது."

பிள்ளைகளே, அந்த இடத்தில் யாரும் கிடையாது. சாக்கு அவள் கையில் இருக்கிறது, நெருப்பு என் முன்னால் எரிகிறது. அதை வாங்கி உள்ளே போட்டு மண்ணை வைத்து மெழுகிவிட்டால், தொட்டி ஏன் செத்தது என்று எந்தப் படித்தவராலும் சுலபத்தில் சொல்லியிருக்க முடியாது. எந்தப் பட்டறைக்காரன் எதைக் கலந்து விட்டானோ என்று போயிருக்கும். எனக்கே ஒரு நிமிஷம் கை அரித்தது. அவளுக்கும் அது தோன்றியிருக்கும், நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சாக்கை நீட்டவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லு ஆயா, இப்ப என்னா பண்றது?" என்றாள்.

"கரிக்குப் போற வால்வ மூடு, ஓடு!" என்று கத்தினேன். அவள் ஓடினாள். நான் என் முட்டியைத் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். வால்வை மூடினோம். பட்டறைத் தண்ணீர் உள்ளே வருகிற மதகையும் மூடினோம். அப்புறம்தான் மேடத்துக்குப் போன் போட்டேன்.

மேடம் திட்டவில்லை, ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "கரிப் படுகைக்கு எவ்வளவு நேரம் போச்சு ஆயா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு வெத்தல மெல்லற நேரம் இருக்கும் மேடம்."

"உங்க வெத்தலயா, சாதாரண ஆளுங்க வெத்தலயா?"

அந்த நேரத்திலும் இப்படிக் கேட்டார் பாருங்கள், எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காற்று மிஷினை நிறுத்த வேண்டாம், வெயிலும் காற்றும் பட்டால் அந்தக் காரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகப் போய்விடும், வேறு எதையும் தொடாதீர்கள், நான் இப்போதே கிளம்பிப் பஸ் ஏறுகிறேன் என்றார். காது குத்துக்கு மொட்டை போட்ட பிள்ளை பின்னால் அழுகிற சத்தம் கேட்டது.

மேடத்துக்கு முன்னால் சூப்பரைசர் வந்து சேர்ந்தார். சட்டையில் பன்னீர் வாசனை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "கை கழுவற தொட்டியச் சொன்னா எவளாச்சும் போயி இத்தக் கொட்டுவாளா?" என்று பொம்மைக்காரியைப் பார்த்துக் கத்தினார். "நாளைக்கு வர்றவங்களுக்கு நான் என்னாத்தக் காட்டுவேன்? நீ போயிடு. நாளைக்கு வேலைக்கு வராத."

அவள் மூச்சில் விசில் மட்டும் கேட்டது.

அதற்குள் பட்டறைகளிலிருந்து ஆள் மேல் ஆள். விளக்கு சீசனில் தண்ணீர் விடாதே என்றால் எப்படி, எங்கள் குழி ரொம்புகிறதே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஒருவர், "தொட்டிக்கு வெளியால ஒரு வால்வு இருக்குதே, அத்தத் தொறந்து நேரா ஓடையில வுட்டுடுங்க. ரெண்டு நாளுதானே" என்றார். சூப்பரைசர் அந்த வால்வைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள், நெருக்கடியில் மனிதனுக்குக் கண் அந்தப் பக்கம்தான் போகும். நான் போய் அதன் சாவியை எடுத்து என் வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் வெற்றிலைப் பைக்குள் கைவிட்டுப் பார்க்கிற தைரியம் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

மேடம் வந்தார். பட்டுப்புடவையோடு அப்படியே தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தார். தொட்டி போய்விட்டது, அதில் சந்தேகமில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி பளிச்சென்று செத்துக் கிடந்தது. சூப்பரைசர், "கரியப் பூரா வாரி வெளிய போட்டுட்டு புதுக் கரி கொட்டிடலாம் மேடம். நாளைக்கு வர்றவங்களுக்குப் பாக்கக் கருகருன்னு நல்லா இருக்கும்" என்றார். ஆட்களிடம் மண்வெட்டி எடுக்கவும் சொல்லிவிட்டார்.

மேடம் கரிப் படுகையின் அடிப்பக்கம் போய்க் குனிந்தார். அங்கே சோதனைக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்தார். தானே மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "எனக்கு நல்ல வாசன வர்ற மாதிரி தோணுது. ஆனா இன்னைக்கு எனக்கே நம்பிக்க இல்ல. உங்க மூக்கு என்ன சொல்லுது?"

நான் மோந்தேன். மெலிசாக, ரொம்ப மெலிசாக, புதுமழை மண்.

சூப்பரைசரிடம் நீட்டினேன். "எனக்குப் பன்னீருதான் அடிக்குது" என்றார்.

"சட்டையக் கழட்டிட்டு மோந்து பாருங்க" என்றேன்.

மேடம் எங்கள் இருவருக்கும் விளக்கினார். மேலே இருந்த கரி முதலில் வந்த பிளீச்சிங்கின் காரத்தைத் தானே வாங்கி அடக்கிக்கொண்டது. கீழே, கரிக்குள் இருக்கிற பொந்துகளில் உயிர் இன்னும் மிச்சம் இருக்கிறது. "வால்வ உடனே மூடினதால அங்க வரைக்கும் போகல. இன்னும் கொஞ்சம் போயிருந்தா எல்லாம் போயிருக்கும். இப்ப கரிய வாரினா மிச்சம் இருக்கறத நாமளே வெளிய கொட்டற மாதிரி."

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "சார், வால்வு ஏன் ஒடனே மூடினோம்? அவ வந்து சொன்னா. ஏன் சொன்னா? மறைக்கத் தோணல. நெருப்பு எதிர்லதான் எரிஞ்சிது, சாக்கு அவ கையிலதான் இருந்திச்சி. இன்னைக்குச் சொன்னவள வூட்டுக்கு அனுப்புனா, நாளைக்கு வேற ஒருத்தி வந்து உங்ககிட்ட எதனா சொல்லுவாளா? சாக்க எரிச்சிட்டுத்தான் மறுவேல பாப்பா. அப்ப உங்களுக்கு எந்தத் தொட்டி மிஞ்சும்?"

அவர் அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "தொட்டி பொழைக்கட்டும், அப்பறம் பாக்கலாம். பொழைக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது ஆயா, எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க" என்றார். மண்வெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதுவும் கொஞ்சம் இல்லை.

மறுநாள் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். மேடம் சுற்றி வளைக்கவில்லை. நேற்று தவறுதலாகப் பிளீச்சிங் விழுந்துவிட்டது, தொட்டி செத்துவிட்டது, அடியிலிருக்கிற கரியை வைத்துப் பிழைக்கவைக்கப் பார்க்கிறோம் என்று சொன்னார். அவர்களில் ஒருவர், "யார் போட்டது?" என்று கேட்டார். பொம்மைக்காரி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். சூப்பரைசர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"சொன்னது ஒரு வாயி, கேட்டது ஒரு காது, நடுவுல ஒரு பேண்டு செட்டுங்க" என்றேன். "பிளீச்சிங் போட்டது அந்தப் பேண்டு செட்டுதான். பிடிச்சிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பி இருக்குது."

அவர்கள் சிரித்தார்கள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சூப்பரைசர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது மாதிரி எனக்குப் பட்டது, வெயிலாகவும் இருக்கலாம்.

அப்புறம் காத்திருந்தோம். நம் வேலையில் இதுதான் கஷ்டமான வேலை, எந்தப் படிப்பிலும் இதைச் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. தொட்டியில் காரம் அடங்கின பிறகு, மேடம் சொன்னபடி படுகையின் அடியிலிருந்து ஒரு கூடை கரியை எடுத்துத் துணியில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டோம். வெல்லத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். அந்த வேலையைப் பொம்மைக்காரி யாரிடமும் கொடுக்கவில்லை, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி ஊற்றுவாள். பட்டறைக்காரர்களிடம் நானே போய்ச் சொன்னேன். பெண்கள் கழுவுகிற தண்ணீரைக் குறைத்து ஸ்பாஞ்சில் துடைத்துத் துடைத்து வேலை செய்தார்கள். டிரம்களில் பிடித்து வைத்தார்கள். முணுமுணுத்தார்கள்தான், ஆனாலும் செய்தார்கள்.

இதற்கிடையில் அவளுடைய பழைய பட்டறை முதலாளி ஆள் அனுப்பினார். "வேல போவப் போவுதாமே. வந்து கண்ணு எழுதட்டும். இடம் காலியாத்தான் இருக்குது." நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் வந்த ஆளிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க விசில் நிற்கவில்லை.

சூப்பரைசருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு நாள் நீளக் கம்பு ஒன்றை எடுத்துவந்து, உள்ளே தொங்குகிற கரி மூட்டையைத் தூக்கப் போனார்.

"என்னா சார் பண்றீங்க?"

"இல்ல ஆயா, அதுல உயிரு புடிச்சிருக்குதான்னு..."

"பாக்கத்தானே?" என்றேன்.

கம்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எனக்கு எண்ணத் தெரியாது, எண்ணினால் பயம் அதிகமாகும். ஒரு காலையில் நான் வருவதற்கு முன்பே பொம்மைக்காரி தொட்டிப் பக்கத்தில் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குனியவைத்தாள். நுரை பழுப்பாகியிருந்தது. மோந்தேன். அன்றைக்கு மழை இல்லை, வானத்தில் மேகம்கூட இல்லை. ஆனால் புதுமழை வாசனை மூக்கை நிறைத்தது. மேடம் வந்து அவர் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பிடுது ஆயா, சாப்பிடுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். மதகைப் பாதி திறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டறைத் தண்ணீரை விட்டோம்.

சூப்பரைசர் எங்கே என்று தேடினேன். கேட்டுக்குப் பக்கத்தில், பேண்டை மடித்துக் கட்டிக்கொண்டு, கை கழுவுகிற தொட்டிக்குள் இறங்கி நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர். எங்களைப் பார்த்ததும், "இதத்தான் அன்னைக்குச் சொன்னேன்" என்றார். பிறகு பொம்மைக்காரியை நேராகப் பார்க்காமல், "நாளைக்கு ஷிப்டு ஒனக்குக் காலையிலயே. லேட்டா வராத" என்றார். அவள் வேலை நிலைத்தது அப்படித்தான்.

அடுத்த வாரம் அவள் வீட்டிலிருந்து பிரஷ்ஷும், தண்ணீரில் கரைக்கிற கலரும் கொண்டுவந்தாள். தின்னர் வேண்டாத கலர். தொட்டியின் சுவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னாடி பண்ற?"

"கண்ணு எழுதப் போறேன் ஆயா. கண்ணு எழுதின பொம்மயில எவளாச்சும் குப்பயக் கொட்டுவாளா? இதுக்கு ஒரு கண்ணு இருந்திருந்தா எனக்கு அன்னைக்கு மூட்டயக் கொட்ட மனசு வந்திருக்குமா?"

நான் கிண்டல் பண்ணாமல் கலர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அது அபூர்வம்.

வலது கண்ணை எழுதினாள். அடேயப்பா, அப்படியே நம்மைப் பார்த்தது. இடது கண்ணுக்குக் கறுப்பை எடுத்து நடுவில் வைக்கப் போகிறாள், அந்த நேரம் பார்த்து சூப்பரைசர் அந்தப் பக்கம் வந்தார்.

"இது என்னா கூத்து? தொட்டிக்கு எதுக்குக் கண்ணத் தொறக்கறீங்க?"

"பாக்கத்தானே சார் தொறக்கறோம்" என்றேன்.

அவள் குலுங்கிச் சிரித்தாள். பிரஷ் நழுவி, கறுப்பு மூக்கு இருக்க வேண்டிய பக்கம் விழுந்துவிட்டது. விசில் இல்லாத சிரிப்பு. சூப்பரைசர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அந்த வார்த்தைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாறுகண் வந்த கதை இதுதான்.

இன்றைக்குக் காலையில் உங்களில் ஒருவன் வால்வை மாற்றித் திறந்துவிட்டு, வெளிறின முகத்தோடு உங்கள் ஷிப்டு அக்காவிடம் ஓடிவந்து சொன்னானே, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திட்டுவாள் என்று நீங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றீர்கள். அவள் என்ன சொன்னாள்? "வந்து சொன்னியே, அதுவே போதும். வா, மூடலாம்" என்றாள். அந்த அக்கா இவ்வளவு நல்லவளா என்று ஆச்சரியப்பட்டீர்கள். பேர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்லவும் இல்லை. காதில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு திரிகிறாளே என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர்க் கலர் என்பதால் ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கண் கரைந்துவிடும். கரைந்ததும் அவளிடம் போய்ச் சொல்லுங்கள், மறுபடி எழுதுவாள். நேராக எழுதச் சொல்லாதீர்கள்.